சிவப்பு வரைபடம் போட்ட பிரதமர்

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன் நான். மக்கள் அடர்த்தி பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளைப் புள்ளி வைத்து வரைபடம் போடச் சொல்வேன். ஒரு புள்ளிக்குப் பத்தாயிரம் பேர் என்று கணக்கு. ஒரு வருஷம் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், ஒரு ஊர்ல ஒன்பதாயிரம் பேர்தான் இருந்தா அந்த ஊருக்குப் புள்ளியே கிடையாதா?" என்று கேட்டான். பக்கத்து ஊரோடு சேர்த்து வைத்துக்கொள்ளடா என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். பரீட்சைக்குள் பாடம் முடிய வேண்டுமே!

அவன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது, ரிட்டையரான பிறகு ஹங்கேரிக்காரர் ஒருவரைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெயர் பால் தெலெகி. அவர்கள் ஊர் வழக்கப்படி எழுதினால் தெலெகி பால். நாம் அப்பா பெயரின் இனிஷியலை முன்னால் போடுவது போல, அங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும். தொழிலால் புவியியல் பேராசிரியர். இரண்டு தடவை அந்த நாட்டின் பிரதமர். என் பாடத்தைப் படித்தவர் ஒருவர் பிரதமரானார் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம். மேலே படிக்கப் படிக்க அந்தச் சந்தோஷம் அப்படியே நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1879-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். டிரான்சில்வேனியாவின் பழைய பிரபுக் குடும்பம். அப்பா உள்துறை அமைச்சராக இருந்தவர், அம்மா வழி பணக்காரக் கிரேக்க வியாபாரிக் குடும்பம். சட்டமும் அரசியலும் படித்தாலும் மனசு போனது புவியியலில். ஜப்பான் தீவுகளை ஐரோப்பியர்கள் எந்தெந்தக் காலத்தில் எப்படியெப்படி வரைந்தார்கள் என்று பழைய வரைபடங்களைத் தேடித் திரட்டி, 1909-ல் ஒரு பெரிய அட்லஸ் போட்டார். பாரிஸ் புவியியல் கழகம் அதற்குப் பரிசு கொடுத்தது. ஒரு நாட்டை வெறும் கேள்வி ஞானத்தில் வரைந்தவர்கள் எங்கெல்லாம் தப்பு செய்தார்கள் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். வரைபடம் எப்படிப் பொய் சொல்லும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

முதல் உலகப் போரில் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் தோற்றன. பழைய ஹங்கேரி ராஜ்யத்தில் ஹங்கேரியர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். மீதி ருமேனியர், ஸ்லோவாக்கியர், செர்பியர், ஜெர்மானியர், ருத்தேனியர் என்று பல இனம். யார் எங்கே இருக்கிறார்களோ அங்கே அவர்களுக்கு நாடு என்று பேச்சு எழுந்ததும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் பீரங்கியைவிடப் பெரிய ஆயுதமாகிவிட்டது. அந்த வேலை தெலெகியிடம் வந்தது.

அவர் போட்டதுதான் "சிவப்பு வரைபடம்". 1910-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவு, அதாவது வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். சாதாரணமாக இப்படிப்பட்ட படத்தில் ஒரு வட்டாரத்தில் எந்த இனம் அதிகமோ அந்த நிறத்தை வட்டாரம் முழுக்கப் பூசிவிடுவார்கள். மலையில் நூறு குடிசை இருந்தாலும் அந்த மலை முழுதும் ஒரே நிறம். தெலெகி அப்படிச் செய்யவில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் நிறத்துக்கு நூறு பேர் என்று விதி வைத்தார். ஜனம் நெருக்கமாக இருக்கும் இடத்தில் நிறம் அடர்ந்து நிற்கும். ஜனம் குறைந்த மலையும் காடும் வெள்ளையாகவே இருக்கும். அங்கே இருக்கிற கொஞ்சம் பேரை அருகில் ஜனம் கூடியிருக்கும் இடத்தோடு சேர்த்துக் காட்டினார். நான் அந்தப் பையனுக்குச் சொன்ன அதே பதில்!

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் குற்றம் சொல்ல முடியாது. ஆளில்லாத மலைக்கு நிறம் பூசுவதுதான் பொய் என்று வாதிடலாம், அது நியாயமான வாதமும்கூட. ஆனால் அந்த நாட்டின் அமைப்பைப் பாருங்கள். ஹங்கேரியர்கள் சமவெளியிலும் நகரங்களிலும் நெருங்கி வாழ்ந்தவர்கள். ருமேனியர்களும் ஸ்லோவாக்கியர்களும் பெரும்பாலும் மலைப்பக்கம் சிதறி வாழ்ந்தவர்கள். ஆக, அவர் விதிப்படி நிறம் பூசினால் ஹங்கேரியர்கள் திட்டுத் திட்டாக அடர்ந்து தெரிவார்கள், மற்றவர்கள் வெள்ளைக்கு நடுவே உதிரியாகத் தெரிவார்கள். போதாக்குறைக்கு ஹங்கேரியர்களுக்கு நல்ல சிவப்பையும் மற்றவர்களுக்குச் சாதுவான நிறங்களையும் கொடுத்தார். படத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணில் அறைவது சிவப்புதான். கணக்கில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. இருந்தாலும் அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்குள் இருந்தது பேராசிரியர் அல்ல, வக்கீல். தன் நாடு துண்டாடப்படும்போது அவர் இடத்தில் நான் இருந்தால் பச்சையை எடுத்திருப்பேனா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

1920 ஜனவரியில் பாரிஸில் ஹங்கேரியின் தரப்பைப் பேசியவர் வயதான பிரபு அப்போன்யி. பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலி என்று மூன்று மொழியில் பேசினாராம். பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், எல்லைக்கு வெளியே போகும் ஹங்கேரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க, தெலெகியின் வரைபடம் மேஜையில் விரிக்கப்பட்டது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பார்த்து என்ன? எல்லைக்கோடுகள் முந்தைய வருஷமே ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்தன. 1920 ஜூன் 4 அன்று ட்ரியனான் மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரியர்கள் ஒரே இரவில் அண்டை நாட்டுக்காரர்கள் ஆனார்கள். கையெழுத்தானபோது தெலெகி வெளியுறவு அமைச்சர். அடுத்த மாதம் பிரதமர். அந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற வேண்டிய தலைவிதி, அந்த நவம்பரில், சிவப்பு வரைபடம் போட்டவரின் அரசுக்கே வாய்த்தது.

அதே 1920 செப்டம்பரில் அவர் அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழகத்தில் இடம் கொடுக்கும்போது நாட்டின் ஜனத்தொகையில் ஒவ்வொரு இனமும் எத்தனை பங்கோ அத்தனை பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற சட்டம். யூதர் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் அடி யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். யூதர்கள் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஆறு பேர், கல்லூரிகளிலோ கால்வாசிக்கும் மேல். ஐரோப்பாவில் அந்தப் போருக்குப் பிறகு வந்த முதல் யூத எதிர்ப்புச் சட்டம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஹிட்லர் பதவிக்கு வர இன்னும் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. நல்ல மார்க் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜெர்மனி, ஆஸ்திரியா என்று படிக்கப் போனார்கள். இட ஒதுக்கீடு போலத்தானே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். இல்லை. இங்கே ஒதுக்கீடு வந்தது, காலங்காலமாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே அழைக்க. அங்கே உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு சிறுபான்மையை வெளியேற்ற.

மலையில் சிதறி இருந்தவர்களைக் காகிதத்தில் வெள்ளையாக விட்ட மனிதர், இப்போது கல்லூரி வாசலிலும் தலை எண்ண ஆரம்பித்துவிட்டார். படிக்கும்போது என்னை நிறுத்திய இடம் இதுதான்.

அடுத்த வருஷம் பதவி போன கதை கொஞ்சம் வேடிக்கையானது. அப்போது ஹங்கேரி ராஜா இல்லாத ராஜ்யம். அதை ஆண்டவர் ஹோர்த்தி, கடல் இல்லாத நாட்டின் கடற்படைத் தளபதி. 1921 ஈஸ்டர் சமயத்தில் நாடு கடத்தப்பட்ட மன்னர் சார்லஸ் யாருக்கும் சொல்லாமல் மேற்கு எல்லைப் பக்கம் வந்து, பிஷப் வீட்டில் இறங்கிவிட்டார். பக்கத்தில் ஒரு பண்ணையில் விருந்தாளியாக இருந்த தெலெகியை ராத்திரியோடு ராத்திரியாக எழுப்பிக் கூட்டிப் போனார்கள். திரும்பிப் போய்விடுங்கள் என்று அவர் மன்னரிடம் சொல்லிப் பார்த்தார். மன்னர் புடாபெஸ்டுக்குப் புறப்பட்டார். முன்னால் போய் ஹோர்த்தியிடம் தகவல் சொல்ல வேண்டிய தெலெகியின் காரோ மன்னர் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தது. புவியியல் பேராசிரியருக்கு வழி தப்பிவிட்டது என்று ஊரே சிரித்தது. மன்னரை ஹோர்த்தி திருப்பி அனுப்பினார். தெலெகி ராஜினாமா செய்தார்.

பிறகு பதினேழு வருஷம் பெரும்பாலும் வகுப்பறை, ஆராய்ச்சி, சாரணர் இயக்கம். 1933-ல் கோதோல்லோவில் நடந்த உலக சாரணர் ஜாம்போரிக்கு முகாம் தலைவர் அவர்தான். சுமார் 26,000 பையன்கள், பேடன் பவலும் வந்திருந்தார். என் வயதுக்காரர்களில் காக்கி அரை டிரவுசரும் கழுத்தில் ஸ்கார்ஃபும் போட்டுச் சாரணர் உறுதிமொழி எடுத்தவர்கள் இதை ரசிப்பீர்கள். சாரணர் விதிகளில் நம்பிக்கைக்கு உரியவனாக இருப்பதற்கே முதல் இடம்.

நடுவில் 1925-ல் சர்வதேச சங்கம் அவரை ஈராக்கின் மோசூலுக்கு அனுப்பியது. அந்த மாகாணம் துருக்கிக்கா ஈராக்குக்கா என்று பார்த்துச் சொல்ல மூன்று பேர் குழு. ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். இனத்தை மட்டும் பார்த்தால் அங்கே அதிகம் இருப்பவர்கள் குர்துகள், தனிக் குர்து நாடுதான் வர வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதிவிட்டு, வியாபாரம், பாசனம், போக்குவரத்து எல்லாம் பார்த்து ஈராக்கோடு சேர்க்கலாம் என்று முடித்தார்கள். தன் நாட்டுக்கு இனக்கணக்கு வேண்டும் என்று வாதாடியவர், அடுத்தவர் நாட்டில் இனக்கணக்கு மட்டும் போதாது என்றார். ஆள் மாறினால் அளவுகோல் மாறுவது பண்டிதர்களுக்கும் உண்டுதான் போல.

1939 பிப்ரவரியில் மறுபடி பிரதமர் நாற்காலி தேடி வந்தது. அதற்கு முன் இருந்த இம்ரேதி யூதர்களுக்கு எதிராகக் கடுமையான மசோதா ஒன்றைத் தயாரித்தவர். அவர் மூதாதையரில் ஒருவரே யூதர் என்று காகிதம் வெளிவந்து பதவியை விட்டார். கதாசிரியர்கூட இப்படி எழுதத் துணியமாட்டார். ஆனால் மசோதா அவரோடு போகவில்லை. தெலெகி அதை எடுத்து நடத்தி, மே மாதம் சட்டமாக்கினார். வக்கீல், டாக்டர், பத்திரிகைக்காரர் போன்ற தொழில்களில் யூதர் நூற்றுக்கு ஆறுக்கு மேல் இருக்கக்கூடாது, அரசு வேலை கிடையாது. யார் யூதர் என்பதைத் தாத்தா பாட்டி வரை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் கட்டாயத்தால் செய்தார் என்று அவரை மெச்சுபவர்கள் சொல்வது உண்டு. கட்டாயம் இருந்தது நிஜம். ஆனால் அவர் அந்தச் சாக்கைச் சொல்லவில்லை. இந்தச் சட்டத்தின் கொள்கை தனக்கும் சம்மதமே என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார்.

அதே மனிதர் அதே வருஷம் செய்த இன்னொரு காரியமும் உண்டு. போலந்தைத் தாக்க ஹிட்லர் ஆயத்தமானபோது, நீதி நியாயப்படி ஹங்கேரி போலந்துக்கு எதிராக எதையும் செய்யாது என்று ஜூலையில் கடிதம் எழுதினார். செப்டம்பரில் ஜெர்மன் படை போக ரயில் பாதையைக் கேட்டபோது மறுத்தார். போலந்து வீழ்ந்ததும் எல்லையைத் திறந்து வைத்தார். பல்லாயிரம் போலந்துக்காரர்கள் உள்ளே வந்தார்கள். பலடோன் ஏரிக்கரையில் அவர்கள் பிள்ளைகளுக்குப் போலிஷ் மொழியிலேயே ஒரு உயர்நிலைப் பள்ளிகூட நடந்தது.

இந்த இரண்டும் எப்படி ஒரே ஆள் என்று நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

போன நிலத்தை மீட்கும் ஆசை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தது. 1940 ஆகஸ்டில் வியன்னாவில் ஜெர்மனியும் இத்தாலியும் மத்தியஸ்தம் செய்து, டிரான்சில்வேனியாவின் வடபாதியை ஹங்கேரிக்குக் கொடுத்தன. சுமார் 43,000 சதுர கிலோமீட்டர். புதுக்கோட்டைப் பார்த்ததும் ருமேனிய வெளியுறவு அமைச்சர் மயங்கி மேஜையிலேயே சாய்ந்துவிட்டார். இப்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ருமேனியர்கள் ஒரே இரவில் ஹங்கேரிக்காரர்கள். வாங்கிய கடனுக்கு வட்டி உடனே கேட்கப்பட்டது. ருமேனியாவுக்கு ஜெர்மன் படை போக வழி விட்டார்கள். நவம்பரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் கூட்டணியில் சேர்ந்தார்கள்.

மாட்டிக்கொண்டோம் என்று தெலெகிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெற்கே ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும் என்று யூகோஸ்லாவியாவோடு ஒப்பந்தம் செய்தார். 1940 டிசம்பர் 12 அன்று பெல்கிரேடில் கையெழுத்தானது. பெயரே நிரந்தர நட்பு ஒப்பந்தம். மறு வருஷம் பிப்ரவரி இறுதியில் முறைப்படி அமலுக்கு வந்தது.

நிரந்தரம் ஐந்து வாரம் நீடித்தது. மார்ச் 27 அன்று பெல்கிரேடில் ராணுவப் புரட்சி. ஜெர்மனிக்கு இணங்கிய அரசு கவிழ்ந்தது. ஹிட்லர் கோபத்தில் யூகோஸ்லாவியாவையே நொறுக்க முடிவு செய்து, ஹங்கேரித் தூதரைக் கூப்பிட்டு, கூட வாருங்கள், நீங்கள் இழந்த தென்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஹோர்த்திக்கு வாயில் எச்சில் ஊறிற்று. தலைமைத் தளபதி வெர்த் ஏற்கெனவே ஜெர்மன் பக்கம். மார்ச் 30-ல் திட்டம் பேச ஜெர்மனியிலிருந்து வந்தவர் பவுலஸ். பின்னால் ஸ்டாலின்கிராடில் சரணடைந்த அதே பவுலஸ்தான்.

தெலெகி முழுதாக எதிர்த்தாரா? அப்படியும் சொல்ல முடியாது. இழுத்தடித்தார். யூகோஸ்லாவியா தானாக உடைந்தால் மட்டும், அங்குள்ள ஹங்கேரியர்களைக் காக்க மட்டும் படை நகரலாம் என்று நிபந்தனைகள் போட்டுப் பார்த்தார். ஏப்ரல் 1-ம் தேதி பாதுகாப்புக் குழு கூடி, அந்த நிபந்தனைகளோடு சேர்ந்துகொள்ளத் தீர்மானித்தது. மறுநாள் லண்டனிலிருந்து தூதரின் தந்தி. ஜெர்மன் படைக்கு வழி விட்டால் பிரிட்டன் உறவை முறித்துக்கொள்ளும், ஹங்கேரியும் தாக்கினால் போர் என்றே எதிர்பார்க்கலாம் என்று அதில் இருந்தது. அதற்குள் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைய ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 3 விடிவதற்கு முன், பிரதமர் இல்லமான சாண்டோர் மாளிகையில் தெலெகி தன்னைச் சுட்டுக்கொண்டார். வயது அறுபத்தொன்று. ஆழ்ந்த கத்தோலிக்கர், அவர் மதத்தில் தற்கொலை மகாபாவம்.

ஹோர்த்திக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். கோழைத்தனத்தால் நாம் கொடுத்த வாக்கை மீறிவிட்டோம், அயோக்கியர்கள் பக்கம் சேர்ந்துவிட்டோம், பிணத்திடம் திருடுகிறவர்கள் ஆகப்போகிறோம், உங்களை நான் தடுக்கவில்லை, குற்றவாளி நான் என்பது அதன் சாரம். பெரிய இடத்தில் இருந்த ஒருவர் இப்படித் தன்னைத்தானே குற்றக்கூண்டில் ஏற்றிக்கொண்டதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இந்தச் சாவு அவர் பெயரைச் சரித்திரத்தின் முன் சுத்தப்படுத்திவிட்டது என்று எழுதினார். ஜெர்மன் படையை அது நிறுத்தவில்லை என்பதையும் கூடவே எழுதினார்.

சர்ச்சில் அவ்வளவு தாராளமாகச் சொன்னதை என்னால் சொல்ல முடியவில்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்டை நாட்டுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, தேசத்தின் மானம் இருக்கிறது. சொந்த நாட்டில் அவர் சட்டத்தால் வேலையும் படிப்பும் இழந்த லட்சக்கணக்கான குடிமக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுக்கும் இந்த நாடு 1867-லேயே சம உரிமை என்று வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கு முறிந்தது அவருக்கு வாக்கு முறிந்ததாகவே தோன்றவில்லை. கொடூர மனசுக்காரர் என்றால் புரிந்துகொள்ளலாம். போலந்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவர், வாக்குக்காக உயிரை விட்டவர். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மூன்று நாள் கழித்து பெல்கிரேடின் மேல் குண்டு மழை. ஏப்ரல் 11-ல் ஹங்கேரிப் படை எல்லை தாண்டியது. யூகோஸ்லாவியா என்ற நாடே இப்போது இல்லை, அதனால் ஒப்பந்தமும் இல்லை என்று புதுப் பிரதமர் பார்தோஷி விளக்கம் சொன்னார். மறு வருஷம் ஜனவரியில் நோவி சாட் பகுதியில் அந்தப் படையினர் செர்பியர்களும் யூதர்களுமாக மூவாயிரம் பேருக்கு மேல் கொன்றார்கள். 1944 மே முதல் ஜூலை வரை, எட்டே வாரத்தில், நாலு லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை ஹங்கேரியிலிருந்து ரயிலேற்றினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ். அதைச் செய்தது தெலெகி அல்ல, அப்போது அவர் செத்து மூன்று வருஷம். ஆனால் யார் யூதர் என்று தாத்தா பாட்டி வரை எண்ணி எழுதிய காகிதங்களும் அந்த வழக்கமும் அரசு அலுவலகங்களில் தயாராக இருந்தன. மீட்ட நிலமும் நிற்கவில்லை. 1947 ஒப்பந்தத்தில் எல்லை பழைய ட்ரியனான் கோட்டுக்கே திரும்பியது.

அவர் மகன் கேசாவும் படித்தவர், புவியியலுக்கு அண்ணன் தம்பி போன்ற நிலவியலில் பேராசிரியர். 1944-ல் மாஸ்கோவுக்குச் சென்று ரஷ்யாவிடம் போர்நிறுத்தம் பேசிய குழுவில் ஒருவர். பிறகு கொஞ்ச காலம் கல்வி அமைச்சர். பின்னால் அமெரிக்கா போய் வாஷிங்டனில் பாடம் நடத்தினார். 1983-ல் அவரும் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

2004-ல் புடாபெஸ்டின் கோட்டைப் பகுதியில் தெலெகிக்கு வெண்கலச் சிலை வைக்க ஏற்பாடு நடந்தது. யூதச் சட்டங்களைப் போட்டவருக்கா சிலை என்று எதிர்ப்பு கிளம்பியது. நகரத்தில் இடம் கிடைக்கவில்லை. சிலை செய்து முடிந்துவிட்டதே, என்ன செய்வது? கடைசியில் பலடோன் ஏரிக்கரையில் உள்ள பலடோன்போக்லார் என்ற ஊர், இங்கே கொண்டு வாருங்கள் என்றது. போலந்துப் பிள்ளைகளின் பள்ளி நடந்த ஊர் அது. அங்கே மாதா கோயில் வளாகத்தில் அந்தச் சிலை உட்கார்ந்திருக்கிறது.